ஷேர் ஆட்டோவின் கரியமிலக் கணக்கு: வடசென்னையில் முதன்முறையாக அளக்க இறங்குபவர்களுக்கு

தண்டையார்பேட்டையில் குடியிருக்கிறேன். நம் பக்கம் ஓடும் ஷேர் ஆட்டோ, மேஜிக் வண்டி, மூன்று பேர் ஆட்டோ, மீன்பாடி வண்டி (மீன் ஏற்ற இன்ஜின் பூட்டிய மூன்று சக்கர வண்டி) எல்லாம் சேர்ந்து ஒரு வருடத்தில் எவ்வளவு பசுங்குடில் வாயுவை வெளியே விடுகின்றன என்று கணக்கெடுக்கப் போன வருடம் இறங்கினேன். மூன்று மாதத்தில் முடித்துவிடலாம் என்று நினைத்தது ஒன்பது மாதம் இழுத்தது. முதலில் நிரப்பிய நூற்றுச் சொச்சம் படிவங்களை அப்படியே ஒதுக்கி வைக்க வேண்டியதாயிற்று. கேட்ட கேள்வியே தவறு. கல்லூரி ஆய்வுக்காகவோ, குடியிருப்போர் சங்கத்துக்காகவோ இதே வேலையை எடுப்பவர்களுக்கு அந்த ஆறு மாதமாவது மிச்சமாகட்டும் என்றுதான் இதை எழுதுகிறேன்.

மாநகரப் பேருந்து என்றால் பணிமனையில் டீசல் பதிவேடு இருக்கும். நம் வண்டிகளுக்கு அப்படி ஒன்றும் கிடையாது. ஒவ்வொரு வண்டிக்கும் ஒரு ஓனர். சில வண்டிக்கு இரண்டு ஓட்டுநர். கணக்கு அவர்கள் சட்டைப் பையில் இருக்கிறது. கென்யத் தலைநகர் நைரோபியில் மட்டாட்டு என்று ஓடும் தனியார் சிற்றுந்துகளுக்கும் இதே நிலைதான். அங்கே மாணவர்கள் கைபேசியோடு வண்டியில் ஏறி உட்கார்ந்து தடங்களைப் பதிவு செய்தார்கள். அது 2014-இல் வரைபடமாக வெளிவந்தது. அளக்க முடியாத துறை என்று யாராவது சொன்னால் நம்ப வேண்டாம்.

இறங்கும் முன் ஒன்றை மனதில் வைத்துக்கொள்ளுங்கள். புகைக்குழாயில் கருவி வைத்து அளக்கத் தேவையே இல்லை. எரிபொருளில் உள்ள கார்பன் ஏறக்குறைய முழுவதும் கரியமில வாயுவாகத்தான் வெளியேறுகிறது. எத்தனை லிட்டர் எரிந்தது என்று தெரிந்தால் எத்தனை கிலோ வாயு என்று தெரிந்துவிடும். அதனால் எரிபொருளைப் பிடியுங்கள். கீழே உள்ள படிகள் எல்லாம் அந்த லிட்டரைச் சரியாகப் பிடிப்பதற்காகத்தான்.

1. எல்லையை எழுத்தில் போடுங்கள்

"வடசென்னை" என்று மட்டும் எழுதினால் பின்னால் சண்டை வரும். நான் மாநகராட்சியின் 1 முதல் 5 வரையிலான மண்டலங்களை எடுத்துக்கொண்டேன்: திருவொற்றியூர், மணலி, மாதவரம், தண்டையார்பேட்டை, ராயபுரம். பெரம்பூரும் வேண்டுமென்றால் 6-ஆவதான திரு.வி.க. நகரையும் சேர்க்க வேண்டும்.

எண்ணூரிலிருந்து மீஞ்சூர் பக்கம் போகும் வண்டி பாதி வழியில் எல்லையைத் தாண்டிவிடும். அதை என்ன செய்வது? நகரங்கள் பயன்படுத்தும் உலகப் பொது நெறிமுறை நான்கு வழிகளை ஏற்றுக்கொள்கிறது: விற்ற எரிபொருள், எல்லைக்குள் ஓடிய தூரம், இங்கே வசிப்பவர்களின் பயணம், நகரத்தால் உண்டாகும் பயணம். எல்லைக்குள் ஓடிய தூரத்தைத்தான் நான் எடுத்தேன். எதை எடுத்தாலும் சரி, முதல் பக்கத்தில் எழுதிவிட்டு நடுவில் மாற்றாமல் இருங்கள். விற்ற எரிபொருள் வழி சுலபமாகத் தெரியும். ஆனால் நம் பக்கத்து பெட்ரோல் பங்குகளில் கன்டெய்னர் லாரிகள் நிரப்பும் டீசலில் ஷேர் ஆட்டோவின் பங்கைப் பிரித்தெடுக்க வழியே இல்லை.

2. கையில் இருக்க வேண்டிய காகிதங்கள்

அறிமுகக் கடிதம் ஒன்று. கல்லூரியோ சங்கமோ தங்கள் முத்திரையோடு, தமிழில், அரைப் பக்கத்துக்கு மிகாமல் தர வேண்டும். ஆங்கிலக் கடிதத்தை ஸ்டாண்டில் நீட்டினால் யாரும் படிக்க மாட்டார்கள், சந்தேகம்தான் கூடும். "ஓட்டுநர் பெயர், வண்டியின் முழு எண், கைபேசி எண் எதையும் குறித்துக்கொள்ள மாட்டோம்" என்ற வரி அதில் கட்டாயம் இருக்கட்டும். எழுதியபடியே நடந்துகொள்ளுங்கள்.

பதிவு எண்ணிக்கைக்கு மத்திய அரசின் வாகன் தளத்தில் காசு கொடுக்காமல் பார்க்கலாம். வட்டாரப் போக்குவரத்து அலுவலகம் வாரியாக, வண்டி வகை வாரியாக, எரிபொருள் வாரியாகக் கிடைக்கும். ஆனால் அது பதிவான வண்டிகளின் எண்ணிக்கை, ஓடுகிற வண்டிகளின் எண்ணிக்கை வேறு. டி.என். 03 வண்டி தாம்பரத்தில் ஓடலாம், டி.என். 20 வண்டி மூலக்கடையில் நிற்கலாம். வாகன் எண்ணை அப்படியே பெருக்கி வைத்த அறிக்கைகளைப் பார்த்திருக்கிறேன். நீங்கள் அதைச் செய்யாதீர்கள்.

கூடுதல் விவரம் வேண்டுமென்றால் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் மனுப் போடுங்கள். கட்டணம் 10 ரூபாய், நீதிமன்றக் கட்டண வில்லையாக ஒட்டலாம். விரைவு அஞ்சலில் (ஸ்பீட் போஸ்ட்) அனுப்பி ரசீதைப் பத்திரப்படுத்துங்கள். பதிலுக்கு 30 நாள். வராவிட்டால் அடுத்த 30 நாளுக்குள் முதல் மேல்முறையீடு. என் முதல் மனுவில் "எத்தனை ஷேர் ஆட்டோக்கள் ஓடுகின்றன" என்று கேட்டிருந்தேன். அந்த வடிவில் தகவல் இல்லை என்று ஒரே வரியில் பதில் வந்தது. அவர்கள் ஏட்டில் ஷேர் ஆட்டோ என்று ஒரு வகையே இல்லை. பெரும்பாலானவை ஒப்பந்த ஊர்தி அனுமதியில்தான் ஓடுகின்றன. ஏட்டில் இருக்கும் சொல்லில் கேளுங்கள்: "இன்ன தேதியில் தகுதிச் சான்று நடப்பில் உள்ள மூன்று சக்கரப் பயணி ஊர்திகள், எரிபொருள் வாரியாக." இரண்டாவது மனுவுக்குப் பதில் கிடைத்தது, ஆனால் இரண்டு மாதம் போய்விட்டது. முதல் வாரத்திலேயே மனுவை அனுப்பிவிட்டு மற்ற வேலையைப் பாருங்கள்.

புகைச் சான்றை நம்பிப் போகாதீர்கள். நான் முதலில் அதைத்தான் சேகரித்தேன். பெட்ரோல், எல்.பி.ஜி., சி.என்.ஜி. வண்டிகளுக்கு அதில் கார்பன் மோனாக்சைடும் ஹைட்ரோகார்பனும் இருக்கும். டீசலுக்குப் புகையின் அடர்த்தி இருக்கும். ஒரு வருடத்தில் எத்தனை கிலோ கரியமில வாயு என்பதற்கு அதிலிருந்து வழி கிடையாது.

3. ஓடும் வண்டிகளை எண்ணுவது

சாலை ஓரத்தில் நின்று போகிற வண்டியை எல்லாம் எண்ணினால் ஒரே வண்டியை எட்டு முறை எண்ணுவீர்கள். ஸ்டாண்டில் நிற்பதை எண்ணினால் ஓடிக்கொண்டிருப்பது விட்டுப்போகும். எனக்குக் கைகொடுத்தது ஏரியில் மீனைக் கணக்கெடுக்கும் முறை. பிடித்து, அடையாளமிட்டு விட்டுவிட்டு, மறுபடி பிடித்துப் பார்ப்பது.

டோல்கேட், மின்ட், மூலக்கடை மாதிரி எல்லா வண்டியும் வந்து போகும் இடங்களில் ஆளுக்கு ஒரு பக்கம் நின்று, காலை 7 முதல் 11 வரை, ஷேர் ஆட்டோக்களின் கடைசி ஆங்கில எழுத்தையும் நான்கு இலக்கத்தையும் குறியுங்கள். ஒரே வண்டி திரும்ப வந்தால் பட்டியலில் ஒருமுறைதான் வர வேண்டும். இரண்டு மூன்று நாள் கழித்து, அதே நேரம், அதே இடங்களில் மறுபடி நில்லுங்கள். முதல் நாள் 120 வண்டி, இரண்டாம் நாள் 110, இரண்டு பட்டியலிலும் இருப்பவை 66 என்று வைத்துக்கொள்வோம். 120-ஐ 110-ஆல் பெருக்கி 66-ஆல் வகுத்தால் 200. அந்தப் பகுதியில் ஓடும் வண்டிகள் சுமார் 200 என்று கொள்ளலாம்.

இது சரியாக வர இரண்டு நாளும் ஒரே மாதிரி நாளாக இருக்க வேண்டும். செவ்வாயும் வியாழனும் நல்லது. ஞாயிறு, முகூர்த்த நாள், ஆயுத பூஜையை ஒட்டிய நாட்கள், மழை நாள் எதுவும் வேண்டாம். நான்கு இலக்கத்தை மட்டும் எழுதினால் வெவ்வேறு வரிசையில் ஒரே எண் வந்து குழப்பும், அதற்காகத்தான் அந்த எழுத்து. கண்ணால் பார்த்தே தெரியும் விவரத்தையும் பக்கத்தில் போடுங்கள்: பச்சைப் பலகை என்றால் மின்சார வண்டி, சி.என்.ஜி. ஒட்டு இருக்கிறதா, மூன்று பேர் வண்டியா பெரிய வண்டியா. முடிந்ததும் எண் பட்டியலைக் கிழித்துவிடுங்கள், எண்ணிக்கை மட்டும் போதும்.

4. ஓட்டுநரிடம் கேட்பது

நான் அதிக நாள் வீணாக்கிய இடம் இதுதான், அதனால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

காலை நடை முடிந்து பதினொன்றரை மணிக்கு மேல் ஸ்டாண்டு அடங்கும். பள்ளி விடும் நேரம் வரை வண்டிகள் வரிசையில் நிற்கும், ஓட்டுநர்கள் பின் சீட்டில் சாய்ந்திருப்பார்கள். அப்போது போங்கள். காலை எட்டு மணிக்குப் படிவத்தோடு போய் நின்றால் ஒருவர்கூட நிமிர்ந்து பார்க்க மாட்டார். அது அவர்களுடைய சம்பாத்திய நேரம்.

நேராக வண்டிக்காரரிடம் போகாமல், முதலில் ஸ்டாண்டில் பெரியவராக இருப்பவரைப் பாருங்கள். ஒவ்வொரு ஸ்டாண்டிலும் ஒருவர் இருப்பார். பதவி இருக்காது, ஆனால் அவர் தலையசைத்தால்தான் மற்றவர்கள் பேசுவார்கள். காலடிப்பேட்டை பக்கம் ஒரு ஸ்டாண்டில் என்னிடம் முதலில் கேட்கப்பட்டது, "எதுக்கு எழுதுற தம்பி, ஃபைன் போடவா?" என்றுதான். அந்தப் பயம் நியாயமானது. இறக்கி ஏற்றி ஓட்ட அவர்கள் அனுமதியில் இடமில்லை, எழுதுகிற ஆள் எல்லாம் அவர்களுக்கு அபராதத்தின் முகம். கடிதத்தைப் படித்துக் காட்டினேன். வண்டி எண் கேட்கவில்லை என்றேன். இரண்டு நாள் சும்மா போய் உட்கார்ந்து டீ குடித்துவிட்டு வந்தேன். மூன்றாம் நாள் அவரே, "டேய், தம்பிக்குக் கணக்கு சொல்லுங்கடா" என்றார்.

இனி கேள்வி. "மைலேஜ் எவ்வளவு கொடுக்குது அண்ணே?" என்று கேட்காதீர்கள். என் முதல் படிவங்கள் வீணானது இந்த ஒரு கேள்வியால். வண்டி வாங்கும்போது ஷோரூமில் சொன்ன எண்ணையோ, நன்றாக ஓடிய ஒரு நாளின் எண்ணையோதான் சொல்வார்கள். பொய் சொல்வதில்லை, யாரும் மைலேஜைத் தினமும் அளப்பதில்லை, அவ்வளவுதான். அதற்குப் பதில், "நேத்து கேஸுக்கு எவ்வளவு போட்டீங்க?" என்று கேளுங்கள். ரூபாயில் கேளுங்கள். வாடகை போக, எரிபொருள் போக மிச்சம்தான் வீட்டுக்கு. அதனால் அந்தத் தொகை எந்த ஓட்டுநருக்கும் மறக்காது.

ஒருவர் சீட்டுக்கு அடியிலிருந்து ஒரு பாக்கெட் நோட்டை எடுத்துக் காட்டினார். ஓரம் எண்ணெய்க் கறை. ஒரு நாளைக்கு ஒரு வரி: தேதி, கலெக்‌ஷன், கேஸ், வாடகை, செலவு. "செலவு" என்ற இடத்தில் சில நாட்களில் போலீஸுக்குக் கட்டிய அபராதம், சில நாட்களில் பிள்ளையின் நோட்டுப் புத்தகம். பதினான்கு மாதம் ஒரு நாள் விடாமல் இருந்தது. எந்த அலுவலகத்திலும் அப்படி ஒரு பதிவேட்டை நான் பார்க்கவில்லை. நோட்டு வைத்திருக்கிறீர்களா என்று எல்லோரிடமும் கேளுங்கள். பத்தில் ஒருவர் வைத்திருந்தாலும் உங்கள் கணக்குக்கு முதுகெலும்பு கிடைத்துவிடும். படம் எடுப்பதாக இருந்தால் கேட்டுவிட்டு, எரிபொருள் வரியை மட்டும் எடுங்கள்.

படிவத்தில் இவ்வளவு இருந்தால் போதும்: நேற்றும் அதற்கு முந்தைய நாளும் எரிபொருளுக்குப் போட்ட தொகை, எந்த எரிபொருள், எத்தனை நடை, எங்கிருந்து எங்கே, போன வாரம் எத்தனை நாள் ஓட்டினார், வண்டியை வேறு யாராவது ஓட்டுகிறாரா. கடைசிக் கேள்வியை விட்டுவிடாதீர்கள். பகலில் ஒருவர், இரவில் ஒருவர் ஓட்டும் வண்டியை நான் இரண்டு வண்டியாகப் பதிந்துவிட்டேன். இருவரிடமும் தனித்தனியாகப் பேசியிருந்ததால் ஒரு மாதம் கழித்துத்தான் தெரிந்தது. எரிபொருளை வண்டிக்குக் கூட்ட வேண்டும், ஆளுக்கு அல்ல.

எல்.பி.ஜி., சி.என்.ஜி. ஆட்டோவில் சின்ன பெட்ரோல் டேங்கும் இருக்கும். கேஸ் தீர்ந்தால் பெட்ரோலில் ஓடும். "பெட்ரோல் எவ்வளவு?" என்று தனியாகக் கேட்டால்தான் வரும். சிலர் வீட்டு சிலிண்டரிலிருந்து ஏற்றிக்கொள்வதும் உண்டு. அதற்கு ரசீது இருக்காது. யாராவது அதைச் சொன்னால் கிலோவில் குறித்துக்கொண்டு, மேலே எதுவும் கேட்காமல் நகர்ந்துவிடுங்கள். உங்களை நம்பிச் சொன்னது உங்களோடு நிற்க வேண்டும்.

எத்தனை பேரைக் கேட்பது? வண்டிக்கு வண்டி எரிபொருள் 30 சதவீதம் அளவுக்கு மாறுகிறது, உங்கள் சராசரி 10 சதவீதத்துக்குள் சரியாக இருக்க வேண்டும் என்றால் ஒரு வகைக்கு 35 வண்டி வேண்டும். டீசல் ஷேர் ஆட்டோ 35, சி.என்.ஜி. ஷேர் ஆட்டோ 35, எல்.பி.ஜி. ஆட்டோ 35 என்று போகும். எல்லா வகையையும் ஒரே குவியலாகப் போட்டு நூறு பேரைக் கேட்பதால் பயனில்லை. ஸ்டாண்டு ஒன்றுக்கு ஐந்தாறு பேருக்கு மேல் கேட்க வேண்டாம். ஒரே ஸ்டாண்டு என்றால் ஒரே தடம், ஒரே மாதிரி பதில்.

5. டேங்க் நிரப்பிச் சரிபார்ப்பது

சொன்னது சரியா என்று பார்க்க ஒவ்வொரு வகையிலும் நான்கைந்து வண்டியைத் தேர்ந்து ஒரு வாரம் அளங்கள். முதல் நாள் டேங்க் நிறைய நிரப்பி அளவைக் குறித்துக்கொள்வது, வாரம் முழுக்கப் போடும் ஒவ்வொரு ரசீதையும் படம் எடுப்பது, ஏழாம் நாள் அதே பங்கில் அதே மாதிரி நிரப்புவது. முதல் நாள் நிரப்பியதை விட்டுவிட்டு மற்றதைக் கூட்டினால் அந்த வாரம் எரிந்தது கிடைக்கும். ரசீதை அன்றைக்கே படம் எடுத்துவிடுங்கள். வண்டியின் முன் கண்ணாடி ஓரத்தில் சொருகி வைத்த வெப்பத்தாள் ரசீது நம்ம வெயிலுக்கு நாலே நாளில் வெளுத்துப்போகும்.

ரூபாயை லிட்டராக்க அந்தந்தத் தேதியின் விலை வேண்டும். தினமும் விலையைக் குறிக்க ஒரு தாள் தனியாக வையுங்கள். பெட்ரோல், டீசல், வண்டி எல்.பி.ஜி. எல்லாம் லிட்டரில், சி.என்.ஜி. மட்டும் கிலோவில் என்பதை மறக்க வேண்டாம். லிட்டரையும் கிலோவையும் ஒரே பத்தியில் போட்டு நான் ஒரு வாரம் திண்டாடினேன்.

மின்சார ஆட்டோவுக்கு, சார்ஜர் செருகும் இடத்தில் ஒரு சின்ன யூனிட் மீட்டரை மாட்டி அளங்கள். பேட்டரியின் கொள்ளளவை வைத்துக் கணக்குப் போட்டால் சார்ஜ் ஆகும்போது வீணாகும் மின்சாரம் விட்டுப்போகும்.

6. தூரமும் ஆட்களும்

மொத்த வாயுவுக்கு லிட்டர் போதும். ஒரு கிலோமீட்டருக்கு எவ்வளவு, ஓர் ஆளுக்கு எவ்வளவு என்று சொல்ல வேண்டுமென்றால் தூரமும் ஆளும் வேண்டும். முதல் படியில் எல்லைக்குள் ஓடிய தூரத்தை எடுத்திருந்தால், வெளியே ஓடிய பங்கைக் கழிக்கவும் இது தேவை. வண்டியில் இருக்கும் கிலோமீட்டர் மீட்டரை நம்ப வேண்டாம், பாதி வண்டிகளில் ஓடாது. கைபேசியில் ஜி.பி.எஸ். பதிவுச் செயலி ஒன்றைப் போட்டுக்கொண்டு, காசு கொடுத்துப் பயணியாக ஏறுங்கள். ஓட்டுநர் சம்மதித்தால் ஒரு நாள் முழுக்கக் கைபேசியை வண்டியிலேயே விடலாம். ஸ்டாண்டிலிருந்து வீட்டுக்கும், கேஸ் பங்குக்கும் போகும் காலி ஓட்டம் அப்போதுதான் கணக்கில் வரும். வண்டி நிற்கும்போது ஜி.பி.எஸ். புள்ளி இங்கும் அங்கும் அலையும். கன்டெய்னர் வரிசைக்குப் பின்னால் இருபது நிமிடம் நின்ற வண்டி கொஞ்ச தூரம் ஓடியதாகக் காட்டும். வேகம் மணிக்கு 2 கிலோமீட்டருக்குக் கீழே போன பகுதியை வெட்டிவிடுங்கள்.

ஆட்களை எண்ணும்போது சீட்டைப் பார்த்து எழுதாதீர்கள். நிறுத்தத்துக்கு நிறுத்தம் எத்தனை பேர் உள்ளே இருக்கிறார்கள் என்று குறியுங்கள். 2 கிலோமீட்டர் 7 பேரோடு, 3 கிலோமீட்டர் 4 பேரோடு, 1 கிலோமீட்டர் காலியாக ஓடினால், 14-உம் 12-உம் கூட்டி 26, அதை 6-ஆல் வகுத்தால் 4.3. அந்த நடையின் சராசரி ஆள் அதுதான்.

7. மீன்பாடி வண்டிக்குத் தனி ஏற்பாடு

எந்தத் தளத்திலும் இல்லாத வண்டி இது. மூன்று சக்கர வண்டியில் பழைய ஸ்கூட்டர் அல்லது பைக் இன்ஜினைப் பூட்டியது. பதிவு எண் கிடையாது, அதனால் மேலே சொன்ன பட்டியல் முறையும் நடக்காது. ஆனால் இதை விட்டுவிட்டு வடசென்னைக் கணக்கு என்று எழுதினால் அது அரைக் கணக்கு. காசிமேட்டு மீன் ஊருக்குள் வருவதே இதில்தான், ஐஸும் இதில்தான்.

விடியற்காலை மூன்று மணிக்குக் காசிமேடு துறைமுக வாசலுக்குப் போய்விடுங்கள். ஏலம் நடக்கும்போது வண்டிகள் காத்திருக்கும், பேச நேரம் கிடைக்கும். எண்ணுவதற்கு, வாசல் ஓரத்தில் இருவர் நின்று வெளியே போகும் வண்டிகளை மணிக்கு மணி குறியுங்கள். அப்புறம் ஒரு வண்டி ஒரு காலையில் எத்தனை நடை போகிறது என்று கேட்டு வகுத்துக்கொள்ளுங்கள்.

எரிபொருளைக் கேட்கும்போது பாட்டிலைக் காட்டச் சொல்லுங்கள். நான் பார்த்த அண்ணன் ஒரு லிட்டர் தண்ணீர் பாட்டிலில் பெட்ரோல் வைத்திருந்தார். பாட்டில் மூடியால் இரண்டு மூடி டூ-டி ஆயில் அளந்து ஊற்றி, மூடிக் குலுக்கி, சின்ன டேங்கில் சாய்த்தார். பாட்டிலின் நிறம் இளம் பச்சையானது. "இதுதான் ஒரு நாளைக்கு, ஐஸ் ஏத்தினா ஒன்றரை" என்றார். இதைவிடத் துல்லியமான அளவு வேறு எங்கும் கிடைக்காது. அந்த ஆயிலையும் கணக்கில் சேருங்கள். இரட்டை வீச்சு (டூ-ஸ்ட்ரோக்) இன்ஜினில் பெட்ரோலோடு கலந்து எரியும் எண்ணெயை எரிபொருளாகவே எண்ண வேண்டும் என்பது காலநிலை மாற்றத்துக்கான அரசுகளுக்கிடையேயான குழுவின் விதி.

தேதியில் கவனம் வேண்டும். கிழக்குக் கடற்கரையில் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடை. நான் முதலில் மே மாதம் போனேன். நாட்டுப் படகு மீன் மட்டும் வந்துகொண்டிருந்தது, வண்டிகள் பாதிக்கு மேல் சும்மா நின்றன. தடைக் காலத்துக்கு ஒரு அளவும், மற்ற மாதங்களுக்கு ஒரு அளவும் தனித்தனியாக எடுத்து, நாட்களால் பெருக்கிக் கூட்டுங்கள். ஞாயிற்றுக்கிழமைக்கும் தனி அளவு வேண்டும், அன்றைய கூட்டமே வேறு.

8. கணக்குப் போடுவது

காலநிலை மாற்றத்துக்கான அரசுகளுக்கிடையேயான குழு 2006-இல் வெளியிட்ட வழிகாட்டியின் பொது எண்களிலிருந்து வருபவை இவை. ஒரு லிட்டர் டீசலுக்குச் சுமார் 2.68 கிலோ கரியமில வாயு. எதுவும் கலக்காத ஒரு லிட்டர் பெட்ரோலுக்குச் சுமார் 2.27. ஒரு லிட்டர் எல்.பி.ஜி.க்குச் சுமார் 1.6. ஒரு கிலோ சி.என்.ஜி.க்குச் சுமார் 2.7. மின்சாரத்துக்கு ஒரு யூனிட்டுக்கு 0.7 கிலோவை ஒட்டி வரும். மத்திய மின்சார ஆணையம் இதை வெளியிடுகிறது, கணக்கு எடுக்கும் வருடத்தின் எண்ணைப் பார்த்துப் போடுங்கள்.

இதில் இரண்டு இடத்தில் பலர் தவறுகிறார்கள். ஒன்று, நம் பெட்ரோல் பங்கில் கிடைப்பது 20 சதவீதம் எத்தனால் கலந்த பெட்ரோல். பயிரிலிருந்து வந்த எத்தனாலின் கரியமில வாயுவை மொத்தத்தில் சேர்க்காமல் தனியாகக் காட்ட வேண்டும். அதனால் பங்கில் போட்ட ஒரு லிட்டருக்கு 2.27-இல் ஐந்தில் நான்கு பங்கு, அதாவது சுமார் 1.82 கிலோதான் மொத்தக் கணக்குக்கு. இரண்டு, சி.என்.ஜி. வண்டியில் எரியாமல் வெளியேறும் மீத்தேன். 100 வருடக் கணக்கில் கரியமில வாயுவைப் போல எத்தனை மடங்கு சூடாக்கும் என்று பார்த்து, மீத்தேனுக்கு 28 மடங்கு, புகையில் சிறிதளவு வரும் நைட்ரஸ் ஆக்சைடுக்கு 265 மடங்கு என்று போட்டால், சி.என்.ஜி.யின் எண் 6 சதவீதம் ஏறி ஒரு கிலோவுக்குச் சுமார் 2.85 ஆகிறது. டீசலுக்கு ஒன்றரை சதவீதம்தான் ஏறும், சுமார் 2.72.

கணக்கு புரிவதற்காக ஒரு டீசல் ஷேர் ஆட்டோவை எடுத்துக்கொள்வோம். நாளுக்கு 6 லிட்டர், 120 கிலோமீட்டர், வருடத்தில் 300 நாள். 6-ஐ 2.72-ஆல் பெருக்கினால் நாளுக்கு 16.3 கிலோ. கிலோமீட்டருக்கு 136 கிராம். மேலே பார்த்த 4.3 ஆட்களால் வகுத்தால் ஓர் ஆளுக்குக் கிலோமீட்டருக்கு 31 கிராமை ஒட்டி வரும். வருடத்துக்கு 4.9 டன். அப்படி 200 வண்டி என்றால் சுமார் 980 டன்.

மொத்தம் காண எப்போதும் சராசரியால் பெருக்குங்கள், நடு எண்ணால் (வரிசைப்படுத்தினால் நடுவில் நிற்கும் எண்) வேண்டாம். நிறைய ஓடும் சில வண்டிகள்தான் எரிபொருளில் பெரும் பங்கைக் குடிக்கின்றன, நடு எண் அவற்றை மறைத்துவிடும். நாட்களை 365 என்று போடவும் வேண்டாம். போன வாரம் எத்தனை நாள் ஓட்டினார் என்ற கேள்வி அதற்காகத்தான். அறிக்கையில் ஒற்றை எண்ணை மட்டும் எழுதாமல் குறைந்தது இவ்வளவு, கூடியது இவ்வளவு என்று எழுதுங்கள். வண்டி எண்ணிக்கையில் உள்ள பிழைதான் பெரும்பாலும் லிட்டரில் உள்ள பிழையைவிடப் பெரிதாக இருக்கும். நேரமோ காசோ மிச்சம் இருந்தால் மூன்றாவது படியை இன்னொரு முறை செய்யுங்கள்.

9. செலவும் காலமும்

எனக்கு ஆனது ஏறக்குறைய 18,000 ரூபாய். உதவிக்கு வந்த இரண்டு மாணவர்களுக்கு நாளுக்கு ஐந்நூறு வீதம் பத்து நாள், அதுவே பத்தாயிரம். டேங்க் நிரப்பி அளக்க ஒத்துழைத்த பன்னிரண்டு ஓட்டுநர்களுக்கு ஆளுக்கு முந்நூறு. அவர்கள் ஒரு வாரம் ரசீது சேர்த்துத் தந்தார்கள், சும்மா வாங்கக் கூடாது. மீதி ஏறி இறங்கிய கட்டணம், ஜெராக்ஸ், டீ, அஞ்சல். கருவிக்கென்று செலவானது மின்சார வண்டிக்கு வாங்கிய யூனிட் மீட்டர் மட்டும்தான்.

நாள் பார்த்துத் தொடங்குங்கள். அக்டோபர் முதல் டிசம்பர் வரை மழையில் எண்ணிக்கை நிலையாக இருக்காது. பொங்கல் கூட்டம் அடங்க ஒரு வாரம் ஆகும். டிசம்பரிலேயே மனுவை அனுப்பிவிட்டு, ஜனவரி 20-க்கு மேல் வண்டிகளை எண்ணத் தொடங்கினால், பிப்ரவரி முழுக்க ஸ்டாண்டுப் பேட்டி, மார்ச்சில் டேங்க் அளவும் பயணப் பதிவும், ஏப்ரல் முதல் வாரம் காசிமேடு. 15-ஆம் தேதி தடை தொடங்கிப் படகுகள் கரையில் நிற்பதற்குள் முதல் அளவு கையில் இருக்கும். தடைக்கால அளவுக்கு மே மாதத்தில் இரண்டு விடியற்காலை மட்டும் போய் வந்தால் போதும்.